கண்டுபிடித்தவரே வேண்டாம் என்கிறார்!

பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமா? கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவு தடவிக் கொடுங்கள், அல்லது கொஞ்சம் ரத்தம் கொடுங்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை போதும். 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பின் விதி இது. அந்த மாதிரியில் 'எஸ்.ஆர்.ஒய்.' என்ற ஜீன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் ஓடலாம். இருந்தால் அடுத்தடுத்த மருத்துவப் பரிசோதனைகள், பெரும்பாலும் அதோடு பெண்கள் பிரிவுக்கு முழுக்கு. செப்டம்பர் 13-ல் டோக்கியோவில் தொடங்கிய உலக சாம்பியன்ஷிப்பிலேயே விதி நடைமுறைக்கு வந்துவிட்டது.

அறிவிப்பு வெளியான சில நாட்களில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் எதிர்ப்புக் கட்டுரை வந்தது. இந்தச் சோதனை தவறான வழி என்று அதில் எழுதியிருந்தவர் பெண்ணுரிமை அமைப்பைச் சேர்ந்தவரோ விளையாட்டு வழக்கறிஞரோ அல்ல. பெயர் ஆண்ட்ரூ சின்க்ளேர். மெல்போர்னில் உள்ள மர்டாக் குழந்தைகள் ஆராய்ச்சி நிலையத்தின் மரபியல் விஞ்ஞானி. 1990-ல் எஸ்.ஆர்.ஒய். ஜீனைக் கண்டுபிடித்து அறிவித்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர்.

தன் வாழ்நாளின் பெரிய கண்டுபிடிப்பை உலகமே பயன்படுத்தப் போகிறது என்றால் எந்த விஞ்ஞானிக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். சின்க்ளேர் ஏன் பதறுகிறார்? ஆணையும் பெண்ணையும் பிரிப்பது எது என்று உயிரியல் தேடிய நூறாண்டுக் கதையில் இருக்கிறது பதில். 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று அறிவித்துவிட்டு, பிறகு 'இல்லை, இதுவல்ல' என்று பின்வாங்கிய கதை அது. ஒரு முறையல்ல, பல முறை.

பத்தொன்பது பெரியது, ஒன்று சிறியது

அமெரிக்காவின் பிரின் மார் மகளிர் கல்லூரியில் இருந்த நெட்டி ஸ்டீவன்ஸ், பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துக் காசு சேர்த்து, 35 வயதில் ஸ்டான்ஃபோர்டில் இளங்கலை படிக்கப் போனவர். முனைவர் பட்டம் வாங்கும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தானியத்திலும் மாவிலும் வளரும் ஒரு சாதாரண வண்டின் புழுக்களை எடுத்துக்கொண்டார். அவற்றின் செல்களுக்குச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, குரோமோசோம்களை எண்ணினார்.

பெண் வண்டின் செல்லில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆண் வண்டிலும் 20 தான். ஆனால் 19 பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது. கருமுட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. விந்தணுக்களில் இரண்டு வகை: பாதியில் அந்தச் சிறியது, பாதியில் அதன் பெரிய ஜோடி. 1905-ல் ஸ்டீவன்ஸ் இதை வெளியிட்டார். சிறியதைச் சுமந்துவரும் விந்தணு கருமுட்டையில் சேர்ந்தால் ஆண், பெரியதைச் சுமந்துவருவது சேர்ந்தால் பெண். நாம் இன்று எக்ஸ், ஒய் என்று சொல்வது இந்த ஜோடியைத்தான். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் தனியாக இதே திசையில் வந்துசேர்ந்தார். பாடப்புத்தகங்கள் பல காலம் வில்சனை நினைவில் வைத்திருந்தன, ஸ்டீவன்ஸை அவ்வளவாக இல்லை. மார்பகப் புற்றுநோயால் 1912-ல் அவர் இறந்தபோது வயது 50.

பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணுவைப் பொறுத்தது என்று அச்சில் வந்து 120 வருடங்கள் ஆகின்றன. 'மூணும் பொட்டப்புள்ளயாப் பெத்துப் போட்டுட்டா' என்று மருமகளை ஏசும் குரல் நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்ததை வீட்டு வாசலோடு விட்டுவிடுகிறோம் போலிருக்கிறது.

மனிதர்களில் ஒய் என்ன செய்கிறது என்பது 1959 வரை தெளிவாகவில்லை. எக்ஸ் இரண்டிருந்தும் கூடவே ஒரு ஒய் இருப்பவர் ஆணாக வளர்கிறார், ஒரே ஒரு எக்ஸ் மட்டும் இருந்து ஒய் இல்லாதவர் பெண்ணாக வளர்கிறார் என்று அந்த ஆண்டு கண்டார்கள். ஆக, ஆணாக்கும் ஏதோ ஒன்று ஒய்யில்தான் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது? அதன் பின்னால் ஓடத் தொடங்கினார்கள்.

கிடைத்தது, கிடைக்கவில்லை

முதலில் மாட்டியது 'ஹெச்-ஒய் ஆன்டிஜென்' என்ற புரதம். ஆண் எலியின் தோலைப் பெண் எலிக்கு ஒட்டினால் அதன் உடல் ஏற்க மறுக்கிறது. அந்த மறுப்புக்குக் காரணமான பொருள் இது. ஆணாக்குவதும் இதுதான் என்று 1975-ல் சொல்லப்பட்டது, பத்தாண்டு அதுவே பாடமாக இருந்தது. 1984-ல் லண்டனில் ஆன் மக்லாரன் இந்தப் புரதமே இல்லாத, ஆனால் விந்தகத்தோடு வளர்ந்த ஆண் எலிகளைக் காட்டினார். பாடம் முடிந்தது.

இரண்டாவது வேட்பாளர் ஒரு பாம்பிடமிருந்து வந்தார். உத்தரப்பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்த லால்ஜி சிங், பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். பாம்புகளில் கணக்கு தலைகீழ். அங்கே பெண்தான் இரண்டு வேறுபட்ட குரோமோசோம்களைச் சுமக்கிறது. கட்டுவிரியன் இனத்துப் பெண் பாம்பின் அந்தக் குரோமோசோமில் ஒரே டி.என்.ஏ. துண்டு திரும்பத் திரும்ப வருவதை எடின்பரோவில் இருந்தபோது அவர் பிரித்தெடுத்தார். 'பி.கே.எம்.' என்று பெயர் வைத்தார்கள். அதே சாயல் ஆண் எலியின் ஒய் குரோமோசோமிலும் தென்பட்டது. பாம்புக்கும் எலிக்கும் பொதுவான பால் நிர்ணய ரகசியம் இதுவோ என்று பரபரப்பாயிற்று.

இதுவுமல்ல. ஆனால் அந்தத் துண்டுகளின் எண்ணிக்கையும் அமைப்பும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. 1987-ல் ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்குத் திரும்பிய லால்ஜி சிங், அதை வைத்தே இந்தியாவுக்கான டி.என்.ஏ. கைரேகை முறையை உருவாக்கினார். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டுவெடிப்பில் சிதறிய உடல் பாகங்கள் யாருடையவை என்று உறுதிசெய்ய அந்த மையத்தின் டி.என்.ஏ. சோதனை பயன்பட்டது. ஆணாக்கும் ஜீனைத் தேடிப் போன பாதை ஒரு கொலை வழக்கில் வந்து முட்டியது. அறிவியலில் தோல்வி என்று எதைச் சொல்வது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாம்புதான் ஞாபகத்துக்கு வரும்.

மூன்றாவது, எல்லோரையும் நம்ப வைத்த ஒன்று. 1987 டிசம்பரில் அமெரிக்காவின் டேவிட் பேஜ் குழு 'இசட்.எஃப்.ஒய்.' என்ற ஜீனை அறிவித்தது. தேடல் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

அந்த நேரத்தில் சின்க்ளேர் மெல்போர்னில் ஜென்னி கிரேவ்ஸ் என்ற விஞ்ஞானியிடம் ஆய்வு மாணவர். கிரேவ்ஸின் உலகம் கங்காருக்கள். பேஜின் ஜீன் கங்காருவின் ஒய்யில் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வேலை சின்க்ளேருக்கு வந்தது. தேடினால் ஒய்யில் இல்லை. எக்ஸிலும் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான வேறொரு குரோமோசோமில் உட்கார்ந்திருந்தது. கங்காருவும் பாலூட்டிதானே, அங்கே ஆணாக்காத ஜீன் இங்கே மட்டும் எப்படி ஆணாக்கும்? 1988-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. உலகம் கொண்டாடிய ஒரு முடிவை மாணவர் ஒருவர் ஆட்டம் காண வைத்துவிட்டார்.

லண்டனில் ஒரு புலி

சின்க்ளேர் அடுத்துப் போனது லண்டன், பீட்டர் குட்ஃபெலோவின் ஆய்வகம். அங்கே அவர்களிடம் ஒரு நல்ல துப்பு இருந்தது: இரண்டு எக்ஸ் இருந்தும் ஆணாக வளர்ந்த சிலர். தகப்பனின் விந்தணு உருவாகும்போது ஒய்யின் நுனியில் ஒரு துணுக்கு எக்ஸுக்குத் தாவிவிட்டதால் இப்படி நேர்கிறது. அந்தத் துணுக்கில் பேஜின் ஜீன் இல்லை, ஆனாலும் அவர்கள் ஆண்கள். அப்படியானால் தேடுவது அந்தத் துணுக்குக்குள்தான் இருக்க வேண்டும். மொத்தம் 35,000 டி.என்.ஏ. எழுத்துகள். ஒய் குரோமோசோமின் நீளம் கிட்டத்தட்ட ஆறு கோடி எழுத்துகள் என்பதை நினைத்தால், ஒரு மாவட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெருப்பெயர் கிடைத்த மாதிரி.

துணுக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கினார்கள். ஒவ்வொரு துண்டையும் மனிதர், சிம்பன்சி, முயல், பன்றி, குதிரை, மாடு, புலி என்று பல உயிர்களின் டி.என்.ஏ.வோடு ஒட்டிப் பார்த்தார்கள், ஒவ்வொன்றிலும் ஆண் ஒன்று, பெண் ஒன்று. எல்லா இனத்திலும் ஆணில் மட்டும் ஒட்டுவது எது என்பதே கேள்வி. கடைசியில் ஒரு துண்டு அப்படி ஒட்டியது. அதற்குள் ஒரு சிறிய ஜீன். அது தயாரிக்கும் புரதத்தில் 204 அமினோ அமிலங்கள்தான். மற்ற டி.என்.ஏ. மீது போய் உட்கார்ந்து அதை வளைக்கும் வகையைச் சேர்ந்தது அந்தப் புரதம். 1990 ஜூலை 19 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் எஸ்.ஆர்.ஒய். வெளியானது. அதே இதழில், தான் ஆராய்ந்த நோயாளியின் குரோமோசோமில் முன்பு கண்ணில் படாத இன்னொரு வெட்டு இருந்திருக்கிறது என்று டேவிட் பேஜ் எழுதினார். அவர் வழிதவறியது ஏன் என்பதற்கு விளக்கம் அந்த வெட்டில் இருந்தது.

மூன்று முறை சூடு கண்டவர்கள் இந்த முறை உடனே கொண்டாடிவிடவில்லை. ராபின் லவல்-பேட்ஜ், பீட்டர் கூப்மன் உள்ளிட்டோர், சுமார் 14,000 எழுத்துகள் கொண்ட எலியின் எஸ்.ஆர்.ஒய். துண்டை எலிக் கருக்களில் செலுத்தினார்கள். பிறந்தவற்றில் 33.13 என்று எண்ணிட்ட ஒரு எலிக்கு இரண்டு எக்ஸ், ஒய் கிடையாது. ஆனால் பார்ப்பதற்கு முழு ஆண். பெண் எலியோடு விட்டால் கூடியது. விந்தகம் மட்டும் சிறியது, உள்ளே விந்தணு இல்லை. விந்தணு உருவாக ஒய்யில் உள்ள மற்ற ஜீன்களும் தேவை. இரண்டு எக்ஸ் இருப்பதும் தடை. 1991 மே மாதம் இந்தச் சேதி வெளியானபோது சந்தேகம் தீர்ந்தது. ஒரே ஒரு ஜீன் பெண்ணாக வேண்டிய கருவை ஆண் வழியில் திருப்பிவிடுகிறது.

சுவிட்ச் இருக்கிறது, விளக்கு எரிகிறதா?

இதோடு நிறுத்திக்கொண்டால் உலகத் தடகள அமைப்பு சொல்வது சரி என்றே தோன்றும். சின்க்ளேரின் ஆய்வுகள் இதோடு நிற்கவில்லை.

கரு உருவாகி ஆறு வாரம் வரை வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஆண் உறுப்பின் தொடக்கமும் பெண் உறுப்பின் தொடக்கமும் ஒன்றுதான். எஸ்.ஆர்.ஒய். கொஞ்ச நேரமே விழித்திருக்கும் சுவிட்ச். எலியில் அது ஏறத்தாழ இரண்டு நாள்தான் வேலை செய்கிறது. அதற்குள் 'சாக்ஸ்-9' என்ற வேறொரு ஜீனைத் தட்டி எழுப்பிவிட வேண்டும். விந்தகத்தை உண்மையில் கட்டுவது அந்த சாக்ஸ்-9. பிறகு விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வேண்டும். அதை உடலின் செல்கள் அடையாளம் கண்டு ஏற்க வேண்டும். இந்த வரிசையில் எந்த இடத்தில் கம்பி அறுந்தாலும், சுவிட்ச் இருந்தும் பயனில்லை.

எங்கெல்லாம் அறுகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 2018-ல் லவல்-பேட்ஜின் ஆய்வகத்தில் நிட்சான் கோனென், சாக்ஸ்-9 ஜீனிலிருந்து ஐந்து லட்சம் எழுத்துகளுக்கு அப்பால் கிடந்த 557 எழுத்துகளை மட்டும் எலியிலிருந்து வெட்டி எடுத்தார். எஸ்.ஆர்.ஒய். அப்படியே இருக்கிறது, சாக்ஸ்-9-உம் அப்படியே இருக்கிறது. எலி பெண்ணாக, சினைப்பையோடு வளர்ந்தது. அதே ஆண்டு சின்க்ளேரின் குழு மனிதர்களிலும் சாக்ஸ்-9-ஐ இயக்கும் இப்படிப்பட்ட பகுதிகளைக் கண்டுபிடித்தது. அவை இரட்டிப்பானால் எஸ்.ஆர்.ஒய். இல்லாமலே ஆண், காணாமல் போனால் எஸ்.ஆர்.ஒய். இருந்தும் பெண்.

2025-ல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மகோத்தோ தச்சிபானா குழு, கர்ப்பிணி எலிகளின் உடலில் இரும்புச்சத்தை வெகுவாகக் குறைத்தது. எஸ்.ஆர்.ஒய். மீதுள்ள பூட்டைத் திறக்கும் என்சைமுக்கு இரும்பு தேவை. இரும்பு இல்லாததால், எக்ஸ்-ஒய் குட்டிகள் சில சினைப்பையோடு வளர்ந்தன. (அவசரப்பட வேண்டாம், இது எலியில் நடந்த கடுமையான சோதனை. ரத்தசோகை உள்ள தாய்மாருக்கு இதை நீட்டிப் பேச எந்த ஆதாரமும் இல்லை.)

இன்னும் ஒரு விந்தை. ஜப்பானின் அமாமி தீவில் வாழும் ஒரு வகை எலிக்கு ஒய் குரோமோசோமே கிடையாது. எஸ்.ஆர்.ஒய்.யும் கிடையாது. ஆண் எலிகள் அமோகமாகப் பிறக்கின்றன. சாக்ஸ்-9-க்கு அருகே ஒரு சிறு பகுதி இரட்டிப்பாகி வேலையை முடித்துவிடுகிறது என்று 2022-ல் அசாத்தோ குரோய்வா குழு கண்டது. பஞ்சுக்குச்சியால் தடவினால் அந்தத் தீவின் அத்தனை ஆண் எலிகளும் பெண்கள் பிரிவில் ஓடத் தகுதி பெறும்.

மனிதர்களுக்கு வருவோம். எக்ஸ்-ஒய் குரோமோசோம்கள், உள்ளே விந்தகம், டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கிறது, ஆனால் செல்கள் அதை அறவே ஏற்பதில்லை. பிறப்பு முதல் பெண்ணாகவே வளரும் இவர்களுக்கு அந்த ஹார்மோனால் தசையில் ஒரு கடுகளவு ஆதாயமும் இல்லை. இந்த ஒரு நிலைக்கு உலகத் தடகள அமைப்பே விதிவிலக்கு தருகிறது. ஆனால் அந்த விலக்கை வாங்க முதலில் தோற்றாக வேண்டும், பிறகு நிரூபித்தாக வேண்டும். இன்னொரு நிலையில் விந்தகமும் சினைப்பையும் சரியாக உருவாவதில்லை, கர்ப்பப்பை இருக்கிறது. தானமாகப் பெற்ற கருமுட்டை மூலம் இவர்களில் சிலர் பிள்ளையே பெற்றிருக்கிறார்கள். எஸ்.ஆர்.ஒய். சோதனையில் அந்தத் தாய்மார்களில் பலருக்கு 'பாசிட்டிவ்' வரும்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் பெற்ற உடலுக்குத் தசையிலும் எலும்பிலும் ரத்தத்திலும் கூடுதல் பலம் உண்டு. பெண்கள் பிரிவு என்று தனியாக வைத்ததே அதனால்தான் என்கிறார் உலகத் தடகள அமைப்பின் தலைவர் செபாஸ்டியன் கோ. அந்தக் கவலை பொய்யல்ல. ஆனால் அந்தப் பலம் உண்டா இல்லையா என்பதை அளக்க அவர்கள் எடுத்திருக்கும் கருவி, அதை அளப்பதற்கு உண்டானதல்ல. ஜீன் இருக்கிறது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது.

கட்டுப்போட்ட கால்

விளையாட்டு உலகம் இந்தப் பாடத்தை ஏற்கனவே ஒரு முறை படித்து முடித்துவிட்டது என்பதுதான் வேதனை. 1968 ஒலிம்பிக்கிலிருந்து வீராங்கனைகளின் கன்னச் செல்லில் இரண்டாவது எக்ஸின் தடயத்தைத் தேடினார்கள். 1985-ல் ஜப்பானின் கோபே நகரில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள். ஸ்பெயினின் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ்-பத்தின்யோ, முன்பு வாங்கியிருந்த 'பெண்' சான்றிதழைக் கொண்டுவர மறந்துவிட்டார். மறுபடி சோதித்தார்கள், வேறு முடிவு வந்தது. காலில் அடிபட்டதாக நடிக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. ஒன்றும் ஆகாத பாதத்தில் கட்டுப்போட்டுக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, தான் ஓட வேண்டிய ஓட்டத்தைப் பார்த்தார்.

அடுத்த ஆண்டு தேசியப் போட்டியில், விலகிவிடு என்ற அறிவுரையை மீறி ஓடி ஜெயித்தார். சோதனை முடிவு பத்திரிகைகளுக்குப் போயிற்று. விடுதி அறை, உதவித்தொகை, சாதனைகள், கட்டிக்கொள்ளவிருந்தவர், எல்லாம் போயின. அவருடைய உடல் டெஸ்டோஸ்டிரோனை ஏற்காத வகை. பின்லாந்தின் மரபியல் அறிஞர் ஆல்பர்ட் டி லா ஷபெல் துணைநிற்க, 1988-ல் ஓடும் உரிமை திரும்பக் கிடைத்தது. அதற்குள் மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1992 ஒலிம்பிக் தகுதியை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கில் தவறவிட்டார்.

பிறகு எஸ்.ஆர்.ஒய். வந்தது, ஒலிம்பிக் கமிட்டி அதைக் கையிலெடுத்தது. 1996 அட்லாண்டாவில் 3,387 வீராங்கனைகளைச் சோதித்தார்கள். எட்டுப் பேருக்கு 'பாசிட்டிவ்'. விசாரித்துவிட்டு எட்டுப் பேரையுமே விளையாட அனுமதித்தார்கள். 1999-ல் கட்டாயச் சோதனை கைவிடப்பட்டது. சிட்னி ஒலிம்பிக்கில் வேண்டாம் என்று வற்புறுத்தியவர்களில் சின்க்ளேரும் ஒருவர். கால் நூற்றாண்டு கழித்து அதே சோதனை திரும்பி வந்திருக்கிறது.

நமக்கு இது அயல்நாட்டுச் செய்தி இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள். பால் பரிசோதனை ஒன்றைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். சேதி தொலைக்காட்சியில் ஊருக்கே தெரிந்தது. தமிழ்நாடு அரசு அறிவித்திருந்த 15 லட்சம் ரூபாய்ப் பரிசை அப்போதைய முதல்வர் கருணாநிதி நிறுத்திவைக்காமல் வழங்கினார். ஆனாலும் சில ஆண்டுகளில் சாந்தி சூளை வேலைக்கே போக வேண்டி வந்தது. பிறகு பயிற்சியாளராகப் படித்துத் திரும்பினார்.

சின்க்ளேரின் கட்டுரையில் தத்துவம் குறைவு. ஆய்வகக்காரரின் கவலைகள்தான் அதிகம். சோதனை செய்யும் டெக்னீஷியன் ஆணாக இருந்து, அவருடைய தோல் செல் ஒன்று மாதிரியில் விழுந்தாலே தப்பான 'பாசிட்டிவ்' வரலாம். மாதிரியை எந்தத் தரத்தில் கையாள்வது, முடிவை யார் விளக்குவது, பாசிட்டிவ் வந்த பெண்ணுக்கு மரபியல் ஆலோசனையும் மனநல ஆதரவும் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். வசதி குறைந்த நாடுகளில் இவை கிடைப்பது சந்தேகமே என்கிறார்.

சோதனையை நடத்தும் பொறுப்பு அந்தந்த நாட்டின் தடகள சம்மேளனத்துடையது. நம் மாநிலப் போட்டிகளில் ஓடும் பிள்ளைகள் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள். கிராமப் பள்ளி மைதானங்களிலிருந்து வருகிறவர்கள். முதல் மாதிரியை எடுக்கும் முன்பே சம்மேளனம் ஒரு மரபியல் ஆலோசகரை நியமித்து, இந்த ஜீன் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தமிழில் உட்கார்ந்து விளக்க வேண்டும். முடிவு அந்தப் பிள்ளைக்கு நேரில் போய்ச் சேரும்வரை வேறு யார் கைக்கும் போகக் கூடாது என்பதும் விதியிலேயே எழுதப்பட வேண்டும்.